கப்பல் ‘அரைவ்டு’ என்றால் கரைக்கு வந்துவிட்டதா?

மணலிப் பெண்:
பாரிமுனையில், சுங்க வேலைகளை முடித்துச் சரக்கை எடுத்துத்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரே கப்பலைப் பற்றி இரண்டு கடிதங்கள் மேசையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை ‘அரைவ்டு’ என்கிறது ஒன்று. வியாழக்கிழமை ‘பெர்த்டு’, அதாவது கரையோரத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் (பெர்த்) கட்டப்பட்டது, என்கிறது மற்றது. இடையில் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. சரக்குக்கு உரியவரோ, “கப்பல் வந்ததா, இல்லையா?” என்று தொலைபேசியில் கேட்கிறார். ‘அரைவ்’ என்றால் வந்து சேர்தல் என்றுதான் பள்ளியில் படித்தேன். கடலில் நிற்கும் கப்பல் எங்கே வந்து சேர்ந்தது? ‘கம்’, ‘ரீச்’ இரண்டும் சேர்ந்து இன்னும் குழப்புகின்றன. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பெரம்பூர் ஆசிரியை:
நான் இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன். ‘கம்’ என்பது வரும் வழியையும் உள்ளடக்கியது. பாதி வழியில் நிற்பவரும் ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லலாம். ‘அரைவ்’ பயணம் முடிகிற கணத்தைக் குறிக்கிறது. ‘ரீச்’ என்றால் எதை அடைந்தார் என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும்: ‘ரீச்டு சென்னை’. நடுவில் ‘டு’ கூடாது. ‘அரைவ்’ என்பதற்குப் பின்னும் ‘டு’ வராது. ஊருக்கு ‘இன்’, நிலையத்துக்கு ‘அட்’. ‘அரைவ்டு இன் சென்னை’, ‘அரைவ்டு அட் எழும்பூர்’. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இந்த ஒரு சிறு சொல்லில் மதிப்பெண் இழப்பதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை.

வணிகப் பக்கத்தில் ‘அரைவல்ஸ்’ என்று பன்மையில் கண்டால் அது ஆட்களின் வருகை அன்று. கோயம்பேட்டில் ‘தக்காளி வரத்து’ என்பதுபோல, சந்தைக்கு வந்த சரக்கின் அளவு.

மீனம்பாக்கம் ஓட்டுநர்:
விமானத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ‘லேண்டட்’ என்றால் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டுவிட்டது. விமானம் தன் இடத்துக்கு ஊர்ந்து வந்து நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்த நேரத்தைத்தான் வருகை நேரமாக எழுதுவார்கள். வெளிநாட்டுப் பயணி என்றால் அதற்குப் பிறகும் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று பாக்கி இருக்கிறது.

தம்புச்செட்டித் தெருவில் வேலை பார்த்தவன்:
அம்மா, உங்கள் மேசையில் உள்ள இரண்டு கடிதங்களும் சரிதான். கப்பல் ஏஜென்சியில் என் வேலைக்காலம் முழுவதும் இந்தச் சொல்லோடுதான் கழிந்தது.

முழுக் கப்பலையும் ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுப்பவருக்கு, சரக்கை இறக்க இவ்வளவு நேரம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். அதற்கு லேடைம் என்று பெயர். அதைத் தாண்டினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நேரம் ஓடத் தொடங்குவதற்கு முதலில் கப்பல் ‘அரைவ்டு ஷிப்’ ஆகியிருக்க வேண்டும். பிறகு தயார் என்று கேப்டன் நோட்டீஸ் தர வேண்டும். பெர்த் காலியில்லாமல் காத்திருக்கும் நாட்கள் யார் தலையில் விழும் என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கப்பல்காரர் ‘வந்துவிட்டது’ என்பார். வாடகைக்காரர் ‘வரவில்லை’ என்பார்.

‘ஜோஹன்னா ஓல்டன்டார்ஃப்’ என்ற கப்பல் 1968 ஜனவரியில் லிவர்பூலுக்குத் தானியம் கொண்டுபோனது. பெர்த் கிடைக்காமல், சரக்கு இறக்கும் இடத்திலிருந்து 17 மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றது. அது வந்ததா என்ற கேள்வி, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போய், 1973இல் ‘வந்தது’ என்று தீர்ப்பானது. நின்ற இடம் துறைமுக எல்லைக்குள் இருந்தது. கூப்பிட்டதும் போகக்கூடிய நிலையிலும் கப்பல் இருந்தது. ஆனால் 1977இல் ‘மராத்தா என்வாய்’ வழக்கில் அதே சபை, ‘வரவில்லை’ என்றது. அந்தக் கப்பல் காத்திருந்த இடம் துறைமுக எல்லைக்கு வெளியே இருந்தது. ஒப்பந்தம் துறைமுகத்தைச் சொல்லாமல் பெர்த்தைச் சொன்னால், கணக்கு பொதுவாக பெர்த்தில்தான் தொடங்கும்.

இத்தனைக்கும் ‘அரைவ்’ கரையில் பிறந்த சொல். லத்தீனில் ‘ரிப்பா’ என்றால் கரை. கரை சேர்தல் என்ற பொருளில்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று கரையைத் தொடாமலே கப்பல் ‘அரைவ்டு’ ஆகிறது. எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும்.

உங்கள் சரக்கு பெட்டியில் அடைக்காமல் கப்பலில் கொட்டி வரும் மொத்தச் சரக்கா, கன்டெய்னரா?

மணலிப் பெண்:
கன்டெய்னர்தான், ஐயா. வாடகை ஒப்பந்தம் எதுவும் எங்களிடம் இல்லை. ‘அரைவல் நோட்டீஸ்’ மட்டும் முன்பே வந்தது.

தம்புச்செட்டித் தெருவில் வேலை பார்த்தவன்:
அப்படியானால் லேடைம் உங்கள் சரக்குக்காரருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அந்த நோட்டீஸில் இருப்பது எதிர்பார்க்கும் நாள்தான், நடந்த நாள் அன்று. “செவ்வாய் நங்கூரம், வியாழன் பெர்த்” என்று இரண்டையும் சொல்லுங்கள். பெட்டி இறங்கியது எப்போது என்று தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குக் கட்டணமில்லாத நாட்களை எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது கப்பல் நிறுவனத்தின் விதிமுறைத் தாளில் இருக்கும். அவர் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.