கே-3 கேமரா, காபி டெவலப்பர்: நெகட்டிவ் வெளுத்து வருது, ஓரத்துல கோடு வேற. எங்க தப்பு பண்ணினேன்?

சுருள்பித்தன் (மதுரை):
வணக்கம் மக்களே. ரெண்டு வருஷம் காசு சேத்து ஒரு பழைய கிராஸ்னோகோர்ஸ்க் கே-3 வாங்கினேன். சோவியத் காலத்து 16 எம்.எம். கேமரா, சாவி கொடுத்து ஓட்டறது. 12 நிமிஷக் குறும்படம், முழுக்க கருப்பு வெள்ளை, இதுதான் திட்டம். சோதனைக்கு கோடக் டபுள்-எக்ஸ் 100 அடி ரோல் ஒண்ணு எடுத்தேன். செகண்டுக்கு 24 ஃபிரேம்ல ஓட்டினா மொத்தமே 2 நிமிஷம் 46 செகண்டு. ஊர் விட்டு ஊர் கொரியர்ல அனுப்பி, லேப்ல கழுவி, ஸ்கேன் பண்ணி வாங்க எவ்வளவுன்னு கேட்டேன். ஃபிலிம் விலையையே தாண்டுது. அதனால வீட்டுலயே காபி டெவலப்பர்ல, அதாவது ஃபிலிம்ல படத்தை வெளிய கொண்டுவர காபித்தூள் போட்டுக் கலக்கற மருந்துல, இறங்கிட்டேன்.

லிட்டருக்கு 40 கிராம் இன்ஸ்டன்ட் காபி, 16 கிராம் வைட்டமின் சி, 54 கிராம் சோடா. 20 டிகிரி, 15 நிமிஷம், அப்புறம் ஹைப்போ (படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர்). டேங்க் சோவியத் சுருள் டேங்க்தான், 50 அடி வீதம் ரெண்டு சுருள்.

வைகைக்குள்ள காலைல துணி துவைக்கிறவங்களை எடுத்தேன். வந்திருக்கிறது பேய்ப்படம் மாதிரி இருக்கு. ஆள் இருக்காங்கன்னு தெரியுது, முகம் இல்ல. போதாக்குறைக்கு எல்லா ஃபிரேம்லயும் வலது பக்கம் மேலிருந்து கீழா ஒரே நேர்க்கோடு. கேமராவோட வெளிச்ச மீட்டர் சொன்ன லென்ஸ் திறப்பு எஃப் 11-லதான் எடுத்தேன். அடுத்த ரோலைத் தொடவே பயமா இருக்கு.

பிக்சல்பாண்டி:
ப்ரோ, மொபைல்ல எடுத்து மேல கிரெய்ன் போட்டுட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்த வம்பு?

சுருள்பித்தன்:
அதுவும் நிறைய பண்ணியாச்சு ப்ரோ. இது வேற ஆசை.

ரீல்ராணி (சென்னை):
தம்பி, முதல்ல ஒரு விஷயம் பாருங்க. ஃபிலிம் ஓரத்துல கம்பெனியே அச்சடிச்சு விடற எண்கள் இருக்கும். அது ஃபேக்டரியிலயே வெளிச்சம் பட்டு வர்றது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எண் நல்லா கருப்பா இருந்து படம் மட்டும் வெளுத்திருந்தா, வெளிச்சம் பத்தல, கேமரா பக்கத் தப்பு. எண்ணும் சேர்ந்து வெளுத்திருந்தா, கழுவினதுல தப்பு. ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.

மீட்டர்ல என்ன பேட்டரி போட்டீங்க? அதுக்கு வேண்டியது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி, இப்ப கிடைக்காது. 1.5 வோல்ட் போட்டா முள்ளு ஏமாத்தும். போன்ல லைட் மீட்டர் ஆப் வச்சுக்கங்க. கே-3-ல சுத்துற ஷட்டர் தட்டோட திறப்பு 150 டிகிரி, அதனால 24 ஃபிரேமுக்கு 1/60 செகண்டுன்னு கணக்கு வச்சா போதும். டபுள்-எக்ஸுக்குப் பகல்ல 250 ஐ.எஸ்.ஓ. உச்சி வெயில்னா இந்தக் கணக்குக்கு எஃப் 32 கேக்கும், லென்ஸ்ல அது கிடையாது. என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) இல்லாம மத்தியானம் கேமராவை வெளிய எடுக்காதீங்க.

சுருள்பித்தன்:
பாத்துட்டேன் அக்கா. எண்ணும் வெளுத்துதான் இருக்கு. படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கு.

பழைய_ஸ்டுடியோக்காரர் (திண்டுக்கல்):
அப்ப டெவலப்பர்லதான் கோளாறு. தம்பி, ஒண்ணு கேக்கறேன், வைட்டமின் சி போட்டப்ப நுரைச்சுப் பொங்குச்சா?

சுருள்பித்தன்:
ஆமா ஐயா! பால் பொங்கற மாதிரி வாளி விளிம்பு வரைக்கும் வந்துச்சு. அது அப்படித்தான் போலன்னு நினைச்சேன்.

பழைய_ஸ்டுடியோக்காரர்:
நினைச்சேன். நீங்க போட்டது ஆப்ப சோடா. மளிகைக் கடையில "சோடா உப்பு"ன்னு கேட்டா அதைத்தான் கொடுப்பான். பாக்கெட்ல சோடியம் பைகார்பனேட்னு இருக்கும் பாருங்க. வேண்டியது சோடியம் கார்பனேட், சலவை சோடா. டெவலப்பருக்கு நல்ல காரம் வேணும், ஆப்ப சோடாவுல அந்தக் காரம் கிடையாது. அது வைட்டமின் சி-யோட சேர்ந்து வாயுவாப் பொங்கிப் போச்சு. துவைக்கிறவங்களைப் படம் எடுத்துட்டு சலவை சோடாவைக் கோட்டை விட்டுட்டீங்களே!

சலவை சோடாவுலயும் ரெண்டு தினுசு. கற்கண்டு மாதிரி படிகமா இருந்தா அதுக்குள்ள பாதிக்கு மேல தண்ணிதான். செய்முறையில இருக்கிற 54 கிராம் தண்ணியில்லாத மாவுக்கு. படிகம்னா 2.7 மடங்கு போடணும். எதுவும் கிடைக்கலன்னா இருக்கிற ஆப்ப சோடாவையே இரும்புச் சட்டியில நல்லா வறுத்து எடுங்க, கார்பனேட்டா மாறிடும். நூறு கிராம் போட்டா அறுபத்து மூணு கிராம்தான் மிஞ்சும். எடை அந்த அளவுக்கு இறங்கலன்னா இன்னும் வறுக்கணும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

காபித்தூள் சிக்கரி கலக்காததா வாங்குங்க. கலவைன்னா கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், போன தடவை வந்த மாதிரி இந்தத் தடவை வராது. போர் தண்ணி வேண்டாம், கேன் தண்ணி. நம்ம ஊர்க் குழாய்த் தண்ணி சித்திரையில 30 டிகிரிக்கு மேல நிக்கும். அதனால கடைசி அலசல் வரைக்கும் வேண்டிய தண்ணியை ஐஸ் போட்ட டப்புக்குள்ள முன்னாடியே வச்சுடுங்க.

ஹைப்போவுக்கு எக்ஸ்ரே ஃபிக்ஸர் பவுடர் போதும், சர்ஜிகல் கடையில சல்லிசா கிடைக்கும். எங்க ஸ்டுடியோவுல ஊட்டியில தயாரான "இந்து" பிராண்டு ஃபிலிம் ஓடின காலத்துலயே அப்படித்தான்.

சுருள்பித்தன்:
பாக்கெட்டைப் பாத்தேன். பைகார்பனேட்டேதான். தலையில அடிச்சுக்கிட்டேன். இந்த ரோலைத் திரும்ப நல்ல டெவலப்பர்ல போட்டா வருமா ஐயா?

பழைய_ஸ்டுடியோக்காரர்:
வராது. டெவலப் ஆகாத வெள்ளியை ஹைப்போ கரைச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. ஸ்கேன்ல கான்ட்ராஸ்ட் ஏத்தி என்ன கிடைக்குதோ அதுதான். ஆனா அந்த ஹைப்போவைச் சாக்கடையில ஊத்தாதீங்க, அதுக்குள்ள வெள்ளி இருக்கு. எக்ஸ்ரே சென்டர்ல விசாரிங்க, வெள்ளி எடுக்கிறவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க.

ரீல்ராணி:
கோட்டுக்கு வர்றேன். கழுவறப்ப விழற கீறல் கண்டபடி இருக்கும். நேரா ஒரே இடத்துல நீளத்துக்கு ஓடுதுன்னா கேமராதான். கே-3-ல ஃபிலிமைத் தானா வளைச்சு விட ரெண்டு லூப் ஃபார்மர் இருக்கு, அதுங்க உரசறது ஊரறிஞ்ச வியாதி. கெட்டுப்போன இந்தப் ஃபிலிமையே ரெண்டடி வெட்டி மாட்டுங்க. கேட் (ஃபிலிம்ல வெளிச்சம் படற சன்னல்) பக்கத்துல ஸ்கெட்ச் பேனாவால அடையாளம் போட்டுக் கொஞ்சம் ஓட்டி, டார்ச்சைச் சாய்ச்சுப் பாருங்க. எந்த இடம் தாண்டினதும் கோடு விழுதுன்னு தெரிஞ்சுடும். நான் என்னோடதுல ரெண்டையும் கழட்டியே போட்டுட்டேன். அப்புறம் லூப் கையாலதான் போடணும், சின்னதாப் போட்டா படம் துள்ளும். கேட்டை மரக்குச்சியால சுத்தம் பண்ணுங்க, ஊசி, பின் கிட்டயே போகக் கூடாது.

காசு விஷயத்துல ஒண்ணு. முழு ரோலைச் சோதனைக்குக் கொடுக்காதீங்க. இருட்டுல மூணடி வெட்டினா 120 ஃபிரேம், அஞ்சு செகண்டு. டெவலப்பர் சரியான்னு தெரிய அது தாராளம். 12 நிமிஷப் படத்துக்குத் திரைக்கு வர்றது மட்டுமே 432 அடி. ஒவ்வொரு ஷாட்டையும் ரெண்டு தடவைன்னு எடுத்தாலே ஒன்பது ரோல். அதனால மொபைல்ல முழுசா ஒத்திகை எடுத்து வெட்டிப் பாத்துட்டு அப்புறம் ஃபிலிம் மாட்டுங்க. கலர் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க, பழைய சினிமா கலர் ஃபிலிமோட பின்பக்கம் இருக்கிற ரெம்ஜெட்ங்கிற கரிப்பூச்சு உங்க பாத்ரூமையும் சேத்துக் கருப்பாக்கிடும்.

சுருள்பித்தன்:
அக்கா, ஐயா, ஒரு வாரம் கழிச்சு வர்றேன். கீழ் லூப் ஃபார்மர்தான் திருடன். கழட்டியாச்சு, கோடு போச்சு. சலவை சோடா வாங்கி, அடுத்த ரோல்ல மூணடி வெட்டி, சின்ன டப்பாவுல கழுவினேன். பொங்கவே இல்ல. ஓர எண் கன்னங்கரேல்னு நிக்குது. அதுல எங்க பாட்டி வாசல்ல உக்காந்து வெத்தலை மடிக்கிறது அஞ்சு செகண்டு இருக்கு, விரல் நரம்பு வரைக்கும் தெரியுது. ஃபிலிம் மட்டும் லேசாப் பழுப்பா இருக்கு.

பழைய_ஸ்டுடியோக்காரர்:
பழுப்பு காபிக் கறை. ஸ்கேன்ல போயிடும். மிச்சம் 97 அடியை அக்கா சொன்ன மாதிரி ஒத்திகை பாத்துட்டு ஓட்டுங்க.