‘கேஃபேப்’ என்பதற்குத் தமிழ் என்ன? வியாழன் காலைக்குள் வேண்டும்

ஹட்டன், ஆசிரியை (திங்கள்)

எல்லாருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்பு நாடகமும் அரங்கியலும் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. மேடைச் சண்டை என்ற பகுதிக்குத் தொழில்முறை மல்யுத்தத்தை உதாரணமாக எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் ரெஸ்லிங் பார்ப்பவர்கள், விளக்குவது சுலபம். சொல்தான் சிக்கல். ‘கேஃபேப்’ என்பதற்குத் தமிழ் வேண்டும். வளையத்துக்குள் நடக்கும் சண்டையும், அதை ஒட்டிய பகை, நட்பு, காயம் எல்லாமும் நிஜம்தான் என்று வெளியாருக்கு முன்னால் விடாமல் நடந்துகொள்வது, அதுதான் பொருள். ‘பொய்ச்சண்டை’ என்று போட்டால் பாடமே கெட்டுவிடும்.

சொல் பெயராகவும் வினையாகவும் புழங்க வேண்டும். 1987 மே மாதம் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் அயன் ஷீக்கும் ஜிம் டுகனும் ஒரே காரில் போகையில் பொலிஸ் மறித்துக் கைது செய்தது. வளையத்தில் அவர்கள் ஜென்மப் பகையாளிகள். ‘அவர்கள் கேஃபேப்பை உடைத்தார்கள்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வியாழன் காலை போட்டோகொப்பிக்குக் கொடுத்தாக வேண்டும்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (திங்கள் இரவு)

டீச்சர், சொல் புதிதாக ஆக்க வேண்டியதில்லை, இருக்கிறது. ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்’ என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் சொல்லி வைத்திருக்கிறார். நாடக வழக்கு என்பது சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்துச் சொல்வது என்று இளம்பூரணர் விளக்கம். மல்யுத்தக் கம்பனியின் கதை எழுதுபவர் செய்வது வேறென்ன? ஆக, முன்கூட்டிப் பேசி வைத்த சண்டை நாடக வழக்கு. பேசி வைக்காமல் நிஜமாக மோதினால் உலகியல் வழக்கு. இரண்டும் கலந்து, எது எதுவென்று பார்ப்பவர் பிரிக்க முடியாமல் நிற்பது புலனெறி. கேஃபேப் = புலனெறி.

இன்னொன்று. மற்போர் நமக்குப் புதிதல்ல. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார், புறநானூறு 80. ஒரு கால் மார்பில் ஊன்றி நிற்கிறது, மறுகால் பின்னால் வளைந்து எதிரியின் பிடியைத் தடுக்கிறது. இன்று வளையத்தில் போடும் பூட்டுப் பிடியின் வருணனை அது. அவன் பெயரிலுள்ள ‘போரவை’யையே மல்யுத்தக் கம்பனிக்குப் பெயராக வைக்கலாம். ‘மல்’ என்ற வேர் வலிமையைக் குறிப்பது. மல்லல், மல்லை, மாமல்லன் எல்லாம்

மஸ்கெலியா (செவ்வாய் காலை)

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், உங்கள் மடல் பாதியில் நின்றிருக்கிறது. மல் வேரைப் பிறகு பார்ப்போம்.

புலனெறியைப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் செய்யுள் நினைவுதான் வரும், வளையம் வராது. பொருளும் முழுதாகப் பொருந்தவில்லை. புலனெறி புலவன் பாடும் நெறி. கேஃபேப் என்பதோ ஆட்கள் கடைப்பிடிக்கும் ஒழுக்கம், பாட்டு முடிந்த பிறகும் தொடர்வது. 1975 ஒக்டோபர் 4 வட கரோலினா வில்மிங்டனில் சிறிய விமானம் விழுந்தது. ரிக் ஃபிளேயருக்கு முதுகெலும்பு முறிந்தது, ஜோனி வலன்டைனின் மல்யுத்த வாழ்க்கை அதோடு முடிந்தது. அவர்கள் வில்லன் பக்கம். அதே விமானத்தில் நல்லவர் பக்கத்து டிம் வூட்ஸும் இருந்தார். பகையாளிகள் ஒன்றாகப் பயணம் செய்தது தெரிந்தால் சீட்டு விற்காது. ஆகவே அடிபட்ட நிலையிலும் ஆஸ்பத்திரியில் தன் சொந்தப் பெயரைக் கொடுத்து, தான் மல்யுத்த வீரரல்ல, நிகழ்ச்சி நடத்துபவர் என்று சொன்னார். சந்தேகம் எழக்கூடாதென்று இரண்டு கிழமையில் வளையத்துக்கும் திரும்பினார். நமக்குத் தேவையான சொல்லில் இந்தக் ‘காவல்’ இருக்க வேண்டும். கதை, நடிப்பு, பொய் எதுவும் மையம் இல்லை.

என் பரிந்துரை: வேடக்காப்பு.

நம் மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் வேடம் பூணுபவர்கள் விரதம் இருக்கிறார்கள், காப்புக் கட்டுகிறார்கள். மஞ்சள் தோய்த்த நூல் மணிக்கட்டில் இருக்கும்வரை அவர் ரதி, இவர் மன்மதன், சனம் கும்பிடுகிறது. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பண்டாரவளை, மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய்)

எனக்கு ‘மெய்ப்போலி’ பிடிக்கிறது. மெய் போல இருப்பது. சுருக்கம், இலக்கண மணமும் உண்டு.

‘காப்பு’ என்றால் நம்மிடம் முதலில் வருவது கைவளையல். வேடக்காப்பு என்று தனியாகப் படித்தால், கூத்துக்குப் போடும் வளையல் என்றுதான் எடுப்பார்கள். நூலுக்கு முன்னால் வரும் கடவுள் வாழ்த்தும் காப்பு. ஒரு சொல்லுக்கு எத்தனை சுமை?

பதுளை (செவ்வாய்)

இலக்கணத்தில் போலி என்பது ஏமாற்று அல்ல. ‘போல்’ என்பதிலிருந்து வருவது. பந்தல் பந்தர் ஆவது கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. பொருள் மாறாமல் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது. அந்த வகையில் மெய்ப்போலி நுட்பமான சொல்தான். ஆனால் இன்று போலி என்றால் போலி மருத்துவர், போலி நாணயத்தாள். அதனால் நான் ஆதரிக்கமாட்டேன்.

அத்துடன் ‘வேடம்’ வடசொல் வழி வந்தது. காப்பு வேண்டுமென்றால் ‘புனைகாப்பு’ என்க. வினைத்தொகை, புனைந்த, புனைகின்ற, புனையும் என்று முக்காலத்துக்கும் நிற்கும். வேடம் கலையாமலிருப்பதும் முக்காலத்துக்கும் தானே.

தலவாக்கலை (செவ்வாய் இரவு)

பதுளை சேருக்கு: புனைகாப்பு என்றால் அலங்கார வளையல். பண்டாரவளையின் ஆட்சேபம் இரண்டு மடங்காகிறது.

போலி வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணம். நீண்டகால ரசிகர்களை ஒரே வார்த்தையில் புண்படுத்தும் சொல் அது. 1984 டிசம்பரில் மெடிசன் ஸ்குவயார் கார்டனில் ஒரு தொலைக்காட்சி நிருபர் ‘இது போலி என்று நினைக்கிறேன்’ என்றதும் மல்யுத்த வீரர் டேவிட் ஷுல்ட்ஸ் அவருடைய இரண்டு காதிலும் அறைந்து கீழே தள்ளினார். அறைந்தது மகா தவறு. ஆனால் அந்தச் சொல் எங்கே குத்துகிறது என்பது தெரிகிறது.

குத்துவதற்கு நியாயம் உண்டு. விழுதல் என்பதையே பாருங்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டி இறுக்க வேண்டும், மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தட்டையாகப் பட வேண்டும், இரண்டு கையும் உள்ளங்கை கீழாகத் தளத்தை அறைய வேண்டும், படும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நாடி விலகினால் பின்தலை அடிபடும். பயத்தில் முழங்கையை ஊன்றினால் முழங்கை போகும். கீழே இருப்பது மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, மெல்லிய நுரை, மேலே கன்வஸ். அவ்வளவுதான். முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம், பலகை பேசி வைத்ததல்ல.

வேடக்காப்புக்கு என் ஆதரவு. இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தக் காலத்தில் இரத்தம் காட்டச் சவர அலகின் மூலையை ஒடித்து, நுனி மட்டும் தெரிய டேப்பால் சுற்றி, மணிக்கட்டுக் கட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். முகம் கவிழ்ந்திருக்கும் நேரத்தில் நெற்றியில் சின்னக் கீறல். வியர்வையோடு கலந்து முகமெல்லாம் பரவும். ஆழமாகப் போனால் நாளம் வெட்டுப்படும். வேடத்தைக் காக்கும் பொருள் மணிக்கட்டுக் கட்டில்தான் இருந்தது. மஞ்சள் நூலும் அங்கேதான்.

கண்டி (புதன் அதிகாலை)

தமிழாக்கமே வேண்டாம் என்பது என் கட்சி. கேஃபேப் என்பது குழூஉக்குறி. அமெரிக்கத் திருவிழாக் கூடாரத்து ஆட்களின் பேச்சிலிருந்து வந்தது. மூலம் உறுதியில்லை, ‘போலி’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குழப்பியது என்பார்கள். அந்தக் கூடாரத்தார் ஒவ்வொரு அசைக்குள்ளும் ‘ஈஸ்’ என்று ஓர் ஒலியைச் செருகிப் பேசுவார்கள். நம் பிள்ளைகள் ‘க’ சேர்த்துப் பேசுகிற கபாஷைதான். வெளியார் அறைக்குள் வந்தால் ஒருவர் ‘கேஃபேப்’ என்பார், உடனே பேச்சு மாறும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இப்படித்தான். பறியை யாராவது மொழிபெயர்ப்பார்களா? வெளியாருக்குப் புரியாமலிருப்பதற்கென்றே பிறந்த சொல்லைப் புரியும்படி ஆக்கினால் அதன் உயிர் போய்விடும்.

மஸ்கெலியா (புதன்)

கண்டி அண்ணே, குழூஉக்குறியாக இருந்த காலம் முடிந்துவிட்டது. 1989 பெப்ரவரியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெரிய மல்யுத்தக் கம்பனியே நியூ ஜேர்சி செனட்டுக்கு, இது விளையாட்டுப் போட்டி அல்ல, பார்வையாளர் மகிழ்ச்சிக்கான நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் தவிர்ப்பதற்காக. அதற்குப் பிறகும் கேஃபேப் செத்துப் போகவில்லை. காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணி பாடுவது, எரியும் முடிவு யாருக்கும் தெரியாததாலா?

வினை வடிவத்தையும் சொல்கிறேன். காத்தல்: ‘வேடங்காத்தார்’. முறையாக முடிப்பது: ‘காப்பு அவிழ்த்தல்’. இடையில் உடைப்பது: ‘காப்பு முறித்தல்’. ஆங்கிலத்தில் இந்தக் கடைசி இரண்டுக்கும் ஒரே சொல்தான், தமிழில் பிரிகிறது. 1989இல் நடந்தது அவிழ்த்தல். 1996 மே 19 நடந்தது முறித்தல். அன்று கூண்டுச் சண்டை முடிந்ததும் டீசலும் ஷோன் மைக்கல்ஸும், ரேசர் ரமோன், ட்ரிபிள் எச்சோடு சேர்ந்து வளையத்தில் கட்டித் தழுவினார்கள்; கதையில் அவர்கள் எதிரெதிர்ப் பக்கத்தவர்கள். டீசலும் ரமோனும் வேறு கம்பனிக்குப் போகிறவர்கள், தண்டிக்க முடியாது. மைக்கல்ஸ் அப்போது சம்பியன். ஆகவே பழி முழுவதும் ட்ரிபிள் எச் தலையில் விழுந்தது. அவருக்கு ஒதுக்கியிருந்த அந்த வருட ‘கிங் ஒஃப் த ரிங்’ போட்டியின் வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது.

ஹட்டன் (புதன் மாலை)

அவிழ்த்தல், முறித்தல் பிரிவு எனக்கு மிகவும் உதவும். ஒரு சந்தேகம். நிஜமாகவே காயப்பட்ட பிறகும் வேடம் விடாமல் நிற்பதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

தலவாக்கலை (புதன் இரவு)

அது காத்தலின் உச்சம், டீச்சர். 1997 ஓகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்ற மல்யுத்த நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கிப் பைல்டிரைவர் போட்டார். முழங்காலில் இறங்கினால் தலை தொடைக்கு மேலே நிற்கும், தரையில் படாது. ஓவன் உட்கார்ந்து இறங்கினார்; ஆஸ்டினின் தலை தொடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது, உடலின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கியது. கை கால் மரத்துப்போய் ஆஸ்டின் கிடந்தார். ஓவன் உடனே சனத்தின் பக்கம் திரும்பி வில்லன் போலக் கேலி பேசிக்கொண்டு நின்றார். பார்ப்பவருக்கு அது திமிர். உண்மையில் அவர் ஆஸ்டினுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். பேசி வைத்தபடி ஆஸ்டின்தான் வெல்ல வேண்டும். ஊர்ந்து வந்து பின்னாலிருந்து பலமில்லாமல் சுருட்டிப் பிடித்தார், ஓவன் தோள் தூக்காமல் கிடந்து கொடுத்தார். குறிப்பில் ஒரே ஒரு உதாரணம்தான் போட இடமிருந்தால் இதைப் போடுங்கள்.

நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாக வைத்தால் ‘காயம் நிஜம்’ என்று பின்னறைக்குச் செய்தி. அதற்கும் ஒரு பெயர் வேண்டும், பிறகு பார்ப்போம்.

பண்டாரவளை (புதன் இரவு)

சரி, மெய்ப்போலியைக் கைவிடுகிறேன். ஆனால் முதல் தடவை வரும்போது ‘வேடக்காப்பு (கேஃபேப்)’ என்று அடைப்புக்குறியில் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வளையல்தான்.

ஹட்டன் (வியாழன் காலை)

‘வேடக்காப்பு (கேஃபேப்)’ என்று போட்டு இப்போது அனுப்புகிறேன். வேடங்காத்தல், காப்பு அவிழ்த்தல், காப்பு முறித்தல் மூன்றும் உள்ளே இருக்கின்றன. ஓவன் ஹார்ட் உதாரணம் முதல் பக்கத்தில். எல்லாருக்கும் நன்றி.

பதுளை (வியாழன் காலை)

அச்சுக்குப் போய்விட்டது, நல்லது. என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். காப்பு ஆளைப் பற்றிய சொல், பார்வையாளரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே நம்பும் சனம் இல்லாமல் ஓவன் யாரைப் பார்த்துக் கேலி பேசியிருப்பார்? புலனெறியில் கேட்பவனுக்கும் இடம் இருக்கிறது. அடுத்து, வலியை உடம்பில் காட்டும் நடிப்புக்கு ‘விற்பது’ என்று ஆங்கிலத்திலிருந்து அப்படியே தூக்கிப் போடாதீர்கள். மெய்ப்பாடு இருக்கிறது.

மஸ்கெலியா (வியாழன்)

மெய்ப்பாட்டுக்கு என் ஆதரவு உண்டு, ஐயா. புலனெறிக்கு இல்லை.