ஃபிளேக்கி டெஸ்ட்: ‘தடுமாறு சோதனை’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கணினி நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கையிலேயே ஒருமுறை தேறியும் மறுமுறை தவறியும் முடிவு காட்டுகிற தானியங்கிச் சோதனையை ஆங்கிலத்தில் ஃபிளேக்கி டெஸ்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் நம் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றிய என் கருத்தையும் நான்காவதாக ஒரு சொல்லையும் எழுதுகிறேன்.

‘நிலையற்ற சோதனை’ முதற்பார்வைக்குப் பொருத்தமானதே. ஆனால் ஸ்டேட் (நிரல் ஓடும்போது நினைவில் வைத்திருக்கும் தரவு) என்பதற்கு ‘நிலை’ என்ற சொல்லை ஏற்கெனவே ஆண்டு வருகிறோம். அதன்படி, முந்தைய ஓட்டத்தின் எச்சம் எதையும் சுமக்காத சோதனையைத்தான் நிலையற்றது என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படி எழுதப்படும் சோதனையோ பெரும்பாலும் பிசகாது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்ததாகிவிடும். ‘ஊசல் சோதனை’ காதுக்கு இனிமையாக இருந்தாலும், ஊசிப்போன சோற்றை நினைவூட்டாமல் விடாது.

‘நம்பகமற்ற சோதனை’ என்பதை மட்டும் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் குற்றத்தைச் சோதனையின் தலையில் கட்டிவிடுகிறது. கடலூர்த் துறைமுகத்து மீன் ஏலக் கணக்குக்காக எழுதப்பட்ட ஒரு நிரலைப் புதுச்சேரியில் நாங்கள் சிலர் சரிபார்த்துக் கொடுத்தோம். ரசீதில் இன்றைய தேதி விழுகிறதா என்று பார்க்கும் சோதனை பகலில் எப்போது ஓட்டினாலும் தேறியது. பின்னிரவில் தானாக ஓடும்போது மட்டும் தவறியது. காலையில் வருபவர் மறுபடி ஓட்டுவார், பச்சை விளக்கு எரியும், அத்துடன் விட்டுவிடுவார். உண்மையில் நிரல் ஓடிய வழங்கி (சர்வர்) உலகப் பொதுநேரத்தில் (யுடிசி) இயங்கியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே நிற்பதால், நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30-க்கும் இடையில் வழங்கியின் நாட்காட்டியில் முந்தைய நாளே ஓடிக்கொண்டிருக்கும். விடியுமுன் ஏலம் எடுத்தவருக்கு நேற்றைய தேதியிட்ட ரசீது போயிருக்கும் என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பகமற்றது என்று எப்படி அழைப்பது?

ஆகவே காரணத்தைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாமல், காணப்படும் நடத்தையை மட்டும் குறிக்கும் பெயரே வேண்டும். ‘தடுமாறு சோதனை’ என்பதை முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. தடுமாறிய, தடுமாறுகிற, தடுமாறும் என்று முக்காலத்துக்கும் விரியும். நேற்றுத் தவறி, இன்று தேறி, நாளை என்ன செய்யும் என்று சொல்ல முடியாத ஒன்றுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் இடையில் ‘ச்’ போட வேண்டாம் (இதை நாம் எல்லோரும் மறப்போம் என்பது வேறு செய்தி). பண்பைத் ‘தடுமாற்றம்’ என்றும், அதன் அளவைத் ‘தடுமாற்ற வீதம்’ என்றும் சொல்லலாம். தம் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவேனும் தடுமாற்றம் உண்டு என்று கூகுள் 2016-இல் எழுதியதை இந்தச் சொற்களால் இடறலின்றிச் சொல்ல முடிகிறது.

காரணங்களுக்குத் தனிப் பெயர்கள் தேவை. அப்பாச்சி என்னும் திறமூல மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் தடுமாற்றத்தைச் சரிசெய்த திருத்தங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் வகைப்படுத்தப்பட்டவற்றுள் ஏறத்தாழ 45 விழுக்காடு, தொடங்கிவிட்ட வேலை முடியுமுன்பே அதன் விளைவைக் கேட்பதால் வந்தவை. இதை ‘அவசரத் தோல்வி’ எனலாம். ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் இரண்டு இழைகளில் (திரெட்) எது முந்தும் என்பதைப் பொறுத்து விளைவு மாறுவதற்குப் ‘பந்தய நிலை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பந்தயம் என்றதும் பணயம் வைப்பதும் நினைவுக்கு வருவதால் ‘முந்தல் வழு’ மேல் என்பது என் எண்ணம்.

தீர்வுகளுக்கான சொற்களில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தாக வேண்டும். சோதனைக்குள் இரண்டு வினாடி ஸ்லீப் (எதுவும் செய்யாமல் நிற்கச் சொல்லும் கட்டளை) போடுவதும், பதிவு வந்து சேர்ந்ததா என்று சிறு இடைவெளிகளில் பார்த்துக்கொண்டே இருந்து, வந்தவுடன் மேலே செல்வதும் ஒன்றல்ல. முன்னது வேகமான கணினியில் நேரத்தை வீணாக்கும். சுமையேறிய வழங்கியிலோ அந்த இரண்டு வினாடி போதாமல் மறுபடி தவறும். பின்னதற்கு உச்சவரம்பு ஒன்று இருந்தால் போதும், அதைத் தாராளமாகவே வைக்கலாம். முதலாவதைக் ‘கணக்குக் காத்திருப்பு’ என்றும் இரண்டாவதை ‘நிபந்தனைக் காத்திருப்பு’ என்றும் சொல்லலாம். ஏல ரசீதில் காத்திருப்பு எதுவும் உதவாது. அங்கே நிரல் நேரத்தைத் தானே போய்க் கேட்காமல் வெளியிலிருந்து பெறும்படி மாற்றி, அதிகாலை 4.30 காட்டும் ‘போலிக் கடிகாரம்’ ஒன்றைச் சோதனையில் கொடுத்தோம். உடனே அது பட்டப்பகலிலும் தவறத் தொடங்கியது. ரசீதின் தேதியை இந்திய நேரப்படி கணக்கிட்ட பிறகே தேறியது.

தவறியதை மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு ‘மறுஓட்டம்’ என்பதில் யாருக்கும் மறுப்பிராது என நினைக்கிறேன். தடுமாறு சோதனைகளைத் தற்காலிகமாக விலக்கிவைப்பதற்குத் தனிமைப்படுத்தல் என்பதைவிட ‘ஒதுக்கிவைப்பு’ எனக்கு ஏற்புடையது. கடலூர் அன்பர்கள் இதைவிடச் சிறிய சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.