நூலகராக இருந்த எங்கள் அப்பாயியின் புத்தகங்களையும் அந்த நோட்டையும் என்ன செய்வது?

வெண்ணாற்றுப் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயி போன வாரம் தவறிவிட்டார், வயது 78. மன்னார்குடி பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் கிளை நூலகத்தில் 34 வருஷம் வேலை பார்த்து 2004-இல் ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்கும் அவர் பேர் தெரியாது, "லைப்ரரி அம்மா" என்றால்தான் தெரியும். வருகிற ஞாயிறு பதினாறாம் நாள் காரியம். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

அவர் சொந்தக் காசில் வாங்கிய புத்தகங்கள் சுமார் 300 இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்கிறார் சித்தப்பா. நூலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனால் அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

இன்னொன்று, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு 80 பக்க நோட்டு கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண நோட்டுதான். நூலகத்துக்கு வருகிறவர்களைப் பற்றி வருஷக்கணக்காக அதில் எழுதி வைத்திருக்கிறார், ஒருவர் பேர் கூட இல்லை. "டீக்கடைக்காரர், துப்பறியும் கதை போதும் என்கிறார், பயணக் கதை கொடுத்துப் பார்க்கணும்." "பெரிய வாத்தியார், பார்வை மங்குது, பெரிய எழுத்தாத் தேடணும்." "கீழத்தெரு மருமகள், மாமியாருக்குத் தெரியாமப் படிக்குது, சின்னப் புத்தகமாக் கொடு." இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவர் இப்படி எழுதுவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த அப்பாயி வேற மாதிரி. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், அப்புறம் பசையும் பழுப்புத்தாளும் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவார். நாங்கள் பசையைத் தொட்டுவிட்டுப் புத்தகத்தைத் தொட்டால் கையில் ஒரு அடி விழும். 1931-இல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் தொடங்கின, ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோன மாட்டுவண்டி நூலகத்தைத் தன் அய்யா சின்னப் பையனாகப் பின்னாலேயே ஓடிப் பார்த்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். வண்டி நின்றதும் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்ட பிறகுதான் புத்தகத்தை எடுப்பார்களாம், அந்த இடம் வந்ததும் அவர் குரலே மாறிவிடும்.

கஜா புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை, நூலக வார விழா நடக்கிற நாட்கள். நூலகத்தின் மேல்கூரை ஓடு பாதி போய்விட்டது. அப்போது அவருக்கு 72 வயது, ஓய்வு பெற்றே 14 வருஷம். தெருவெல்லாம் தென்னையும் கரண்ட் கம்பமும் சாய்ந்து கிடக்கிறது, இவர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் நனைந்த புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகிவிடும் என்று கூடத்தில் நிழலிலேயே விரித்து நிறுத்தி, பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, ஈரம் ஏற ஏறத் தாளை மாற்றினார். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. நாங்கள் முறைவைத்து விசிறியால் வீசினோம்.

யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
வருத்தமாக இருக்கிறதும்மா. நானும் அதே துறைதான், அதனால் நேராகச் சொல்கிறேன்.

மூட்டை கட்டி நூலக வாசலில் இறக்கிவிட்டு வராதீர்கள். முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள், நூலின் பேர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, அவ்வளவு போதும். அதை இப்போது இருக்கிற நூலகரிடம் கொடுத்து எது வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே மூன்று பிரதி இருக்கிற நாவலைக் கொடுத்தால் இடம்தான் அடையும். இப்போது வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள், காரியத்துக்குச் செலவு செய்கிற பணத்தில் கொஞ்சம் எடுத்து அதற்கான புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மறுநாளே கைமாறும். ஆயிரம் ரூபாய் கட்டி அவர் பேரில் நூலகப் புரவலர் ஆகவும் வழி இருந்தது, அதையும் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு வேலை. ஒவ்வொரு புத்தகத்தையும் உள்ளே புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் முத்திரை இல்லாவிட்டாலும் நடுவில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் குத்தியிருப்போம், ரகசியப் பக்கம் என்போம், முதல் தாளைக் கிழித்துவிட்டாலும் நூலகத்துப் புத்தகம் என்று தெரிவதற்காக. புயலில் காயவைத்ததில் ஒன்றிரண்டு வீட்டிலேயே தங்கியிருக்கலாம். பழைய புத்தகமாக இருந்தால் தஞ்சாவூர் மாவட்டம் என்று முத்திரை இருக்கும், திருவாரூர் மாவட்டம் வந்ததே 1997-இல்தான். அப்படி ஏதாவது இருந்தால் அதை முதலில் சேர்ப்பியுங்கள். அந்த அம்மா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பார்.

நோட்டை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்காதீர்கள். பேர் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். மாமியாருக்குத் தெரியாமல் படித்த பெண் இன்னும் அங்கேயே இருக்கலாம் இல்லையா? யார் என்ன படிக்கிறார்கள் என்று வெளியே சொல்லாமல் இருந்ததும் எங்கள் வேலையில் ஒரு பகுதிதான். அது வீட்டில் இருக்கட்டும்.

பட்டுக்கோட்டைக்காரன்:
சித்தப்பாவிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். எங்கள் தாத்தாவின் புத்தகங்களைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டு இன்றைக்கும் வருத்தப்படுகிற வீடு எங்களுடையது. பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

சைக்கிள் கடை மகள்:
மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாட்டுவண்டிக் கதை சொல்கிற லைப்ரரி அம்மாதானே? அப்படியென்றால் எனக்கு அவரைத் தெரியும். அவர் இல்லை என்பதே இதைப் பார்த்துத்தான் தெரிந்தது, நான் இப்போது திருப்பூரில் இருக்கிறேன்.

1988-இல் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டேன். அப்பா படிப்பை நிறுத்திவிட்டார், வெளியே அனுப்பவும் மாட்டார். லைப்ரரி அம்மா ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்கு சைக்கிளுக்குக் காற்று அடிக்க வந்தார். அப்பாவிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாப்பா, இதை அடுத்த வெள்ளி வரைக்கும் பத்திரமா வச்சிரு" என்று ஒரு பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கணக்குப் புத்தகம், அவர் பேரில் எடுத்தது. ஐந்து மாதம் வெள்ளிக்கிழமைதோறும் காற்று அடிக்க வந்தார். அந்தச் சக்கரத்துக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி எழுதித் தேறினேன். ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதித்தான் என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன்.

நோட்டில் என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வெண்ணாற்றுப் பேத்தி:
ஐயா, பட்டியல் போட ஆரம்பித்துவிட்டோம், சித்தப்பாதான் எழுதுகிறார். தஞ்சாவூர் முத்திரையோடு இரண்டு புத்தகங்கள் கிடைத்தன, இரண்டும் தண்ணீர்க் கறையோடு இருக்கின்றன. நாளைக்கே அப்பா கொண்டுபோய்க் கொடுக்கிறார். நோட்டு வீட்டிலேயே இருக்கும்.

அக்கா, இருக்கிறது. நடுப்பக்கம் தாண்டி, பச்சை மையில். "சைக்கிள் கடைப் பாப்பா, இயற்கணிதம் வந்துருச்சு, வடிவியல்தான் பயப்படுது. படம் போட்ட புத்தகம் வேணும், தஞ்சாவூர்ல கேட்டிருக்கேன்." அதற்குக் கீழே வேறு மையில், "தேறிட்டா."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படையல். வர முடிந்தால் வாங்க அக்கா, அந்தப் பக்கத்தை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன். வீடு அதே வீடுதான், திண்ணை வைத்தது.