கர்ப்பத்தில் பிபி, சர்க்கரை வந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் 10 வருடம் கழித்துப் பார்க்கும் ஆய்வு: எதை அளப்பது, எங்கே தவறும்?

கேட்டவர்: ஆய்வு_மாணவி

வணக்கம். முதுகலை ஆய்வுக்கான திட்டம் எழுதுகிறேன். 10 வருடத்துக்கு முன் ஒரே மருத்துவமனையில் பிரசவித்தவர்களில் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தின் பின்பாதியில் பிபி ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வந்தவர் 150, கர்ப்பகால சர்க்கரை வந்தவர் 150, இரண்டும் இல்லாதவர் 300 என்று எடுத்து, தாயையும் பிள்ளையையும் இப்போது அழைத்துப் பரிசோதிப்பதாக எண்ணம்.

மூன்று இடத்தில் தடுக்கிறது. யார் எந்தக் குழு என்பதைத் தாயிடம் கேட்டே முடிவு செய்யலாமா, பழைய கேஸ் ஷீட்டைத் தேடித்தான் ஆகவேண்டுமா? தாய்க்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) மட்டும் போதுமா, குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை வேண்டுமா? பிள்ளையின் பிபியை ஒப்பிடும்போது பிறந்த எடையையும் பிறந்த வாரத்தையும் சரிக்கட்ட (கணக்கில் அவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்க்க) வேண்டுமா? "எல்லாவற்றையும் சரிக்கட்டு" என்கிறார் என் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: பேறுகால_மருத்துவம்

கேஸ் ஷீட்டைத் தேடுங்கள். 10 வருடம் போனபின் "பிபி இருந்தது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கும்: கர்ப்பத்துக்கு முன்பே இருந்த பிபி, புரதம் போகாமல் பிபி மட்டும் ஏறியது, பிரீஎக்லாம்ப்சியா. "வந்தது" என்று சொல்பவர்களை ஓரளவு நம்பலாம். "வரவில்லை" என்பவர்களில்தான் பலர் நழுவுவார்கள். லேசாக வந்து போனது பலருக்கு நினைவிலேயே நிற்காது.

ஷீட்டில் பார்க்கவேண்டியது: 20 வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல். அதோடு 24 மணி நேரச் சிறுநீரில் 300 மி.கி. புரதம், அல்லது புரத-கிரியாட்டினின் விகிதம் 0.3. புரதம் இல்லாவிட்டாலும் பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, கிரியாட்டினின் 1.1-க்கு மேலே, கல்லீரல் என்சைம் இரட்டிப்பு, நுரையீரலில் நீர், விடாத தலைவலி, பார்வைக் கோளாறு என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும். சிறுநீரில் குச்சி நனைத்துப் பார்த்த சோதனைதான் இருக்கிறது என்றால் 2+ இருப்பதை மட்டும் எடுங்கள்.

ஒரு பொறி உண்டு. இரண்டாவது மூன்று மாதத்தில் பிபி இயல்பாகவே இறங்கும். முதன்முதலாக 18-ஆம் வாரத்தில் செக்கப்புக்கு வந்தவருக்கு 120/80 என்று எழுதியிருந்தால், முன்பே பிபி இருந்து அந்த இறக்கத்தில் மறைந்திருக்கலாம். ஆகவே முதல் அளவீடு எந்த வாரத்தில் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரத்தில் பிரசவம் என்பதையும் விடாதீர்கள். நார்வேயின் பிரசவப் பதிவேட்டில் 1967 முதல் 1992 வரை பிரசவித்தவர்களை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், பிரீஎக்லாம்ப்சியாவோடு குறைமாதப் பிரசவமும் ஆனவர்கள் பின்னாளில் இதயநோயால் இறப்பது, இரண்டும் இல்லாதவர்களைப் போல் சுமார் 8 மடங்கு. மாதம் நிறைந்து பிரசவித்த பிரீஎக்லாம்ப்சியாவில் அது 1.65 மடங்குதான். 150 பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்த வேறுபாடு காணாமல் போகும். அதே ஆய்வில் அந்தக் குழந்தைகளின் தகப்பன்மாருக்கு ஆபத்து கூடவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு என்பது மட்டும் காரணமில்லை என்று அது காட்டுகிறது.

பதில்: ஆய்வகம்

ஹெச்பிஏ1சி மட்டும் போதாது. சாப்பிட்டபின் மட்டும் ஏறும் ஆரம்பக் கட்டச் சர்க்கரையை அது அடிக்கடி தவறவிடும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் பொய்யாக உயர்ந்தும் காட்டும். ஹேப்போ என்ற பன்னாட்டுத் தொடராய்வு (2018) தாய்மாருக்கு இந்தக் குளுக்கோஸ் சோதனையைச் செய்துதான் பார்த்தது. பிரசவமாகிச் சராசரியாக 11 வருடம் கழித்து, கர்ப்பத்தில் சர்க்கரை கூடியிருந்தவர்களில் 52.2 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்கட்டமோ இருந்தது. மற்றவர்களில் 20.1 சதவீதம்.

செய்முறை: இரவு முழுவதும், குறைந்தது 8 மணி நேரம், பட்டினி. நீரற்ற குளுக்கோஸ் 75 கிராமை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்கவேண்டும். கையில் இருப்பது மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் 75 போடுவது சகஜமாக நடக்கும் பிழை. எல்லோருக்கும் கொஞ்சம் குறைவாகவே கொடுத்திருப்பீர்கள், யாருக்கும் தெரியாது. முதல் வாய் குடித்த நொடியிலிருந்து 2 மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். வாந்தி எடுத்தால் அன்று விட்டுவிட்டு வேறொரு நாள் அழைக்கவேண்டும். ஏற்கனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்; சர்க்கரை நோய் என்று பதிந்துகொண்டால் போதும்.

ரத்தத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபுளோரைடு குழாய் இருக்கிறதே என்று சும்மா இருக்கவேண்டாம். அது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுமையாக வேலை செய்யாது. ஐஸில் வைத்து அரை மணிக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள்.

இன்னொன்று, 10 வருடத்துக்கு முன் "கர்ப்பகால சர்க்கரை" என்று எந்த அளவுகோலில் எழுதினார்கள்? வெறும் வயிற்றில் 92, 1 மணியில் 180, 2 மணியில் 153 என்ற மூன்றில் ஒன்று தாண்டினாலே போதும் என்பது ஒரு முறை. 100 கிராம் கொடுத்து இரண்டு அளவு தாண்டவேண்டும் என்பது வேறு. நடுவில் முறை மாறியிருந்தால் உங்கள் 150 பேரும் ஒரே நோயாளிகள் அல்ல. பெயரைக் குறிப்பதோடு நிற்காமல் எண்களையும் எடுத்து எழுதுங்கள்.

பதில்: புள்ளிவிவரம்

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். பிறந்த எடையும் பிறந்த வாரமும் பிரீஎக்லாம்ப்சியாவின் விளைவுகள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தை சிறுத்தது, அதனால் சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் குறைந்தன, அதனால் பிபி ஏறியது என்பதுதான் நீங்கள் தேடும் பாதை என்று வையுங்கள். (நெஃப்ரான்கள் உருவாவது ஏறக்குறைய 36 வாரத்தோடு முடிந்துவிடும்.) எடையைச் சரிக்கட்டினால் அந்தப் பாதையையே அடைத்துவிட்டு, "தொடர்பு இல்லை" என்று எழுதுவீர்கள்.

அதோடு போனால் பரவாயில்லை. முடிவு தலைகீழாகவும் திரும்பும். எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் குறைவாக இறந்ததாகத் தோன்றிய புதிர் பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களைக் குழப்பியது. புகைபிடிக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், பிறவிக்கோளாறு போல அதைவிட மோசமான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். புகை நல்லதாகத் தெரிந்தது அந்த ஒப்பீட்டால்தான்.

சரிக்கட்டவேண்டியவை கர்ப்பத்துக்கு முந்தியவை: வயது, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு), புகை, எத்தனையாவது பிரசவம், குடும்பத்தில் பிபி, சர்க்கரை. இதை விட்டால் கர்ப்பத்தின் மேல் பழி போகும். நார்வேயின் ஹன்ட் என்ற மக்கள் உடல்நல ஆய்வில் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்த அளவுகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது பின்னாளைய வேறுபாட்டில் பெரும்பங்கு முன்பே இருந்ததுதான் என்று தெரிந்தது. ஹேப்போவிலும் அப்படித்தான். பிள்ளைகளின் அதிக எடையும் பருமனும் சேர்ந்து, கர்ப்பத்தில் சர்க்கரை கூடியிருந்தவர்களின் பிள்ளைகளில் 39.5, மற்றவர்களின் பிள்ளைகளில் 28.6 சதவீதம் என்ற வேறுபாடு, தாயின் பிஎம்ஐயைச் சேர்த்ததும் உறுதியற்றதாகிவிட்டது. பருமனில் இருந்த வேறுபாடு மட்டும் நிலைத்தது. கர்ப்பம் நோயை உண்டாக்கியதா, உள்ளே இருந்ததை வெளியே காட்டியதா என்ற கேள்விக்கு உங்கள் ஆய்வால் முழு விடை வராது. அதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 30, 40 வயதில் மாரடைப்பை எண்ணிப் பயனில்லை, பிபியைத்தான் அளக்கவேண்டும். தாயின் மேல்பிபியில் (இரண்டு எண்களில் மேலே இருப்பது) திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் அளவு, 12 என்று கொண்டால், 150-க்கு 300 பேரில் சுமார் 3.4 மி.மீ. வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கலாம். அழைத்தவர்களில் 60 சதவீதம்தான் வந்தால் அது 4.3 ஆகும். தாய்க்கு இது போதும். பிள்ளைக்குப் போதாது. பிரீஎக்லாம்ப்சியாவுக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட வேறுபாடு ஏறக்குறைய 2.4 மி.மீ. விலக்கம் 9 என்றாலும், 60 சதவீதம் வந்தால் உங்களால் பிடிக்க முடிவது 3.3. பிள்ளை பற்றியதை இரண்டாம் நிலைக் கேள்வியாக வையுங்கள்.

ஆய்வு_மாணவி

மிக்க நன்றி. கர்ப்பத்துக்கு முந்திய எடை எந்த ஷீட்டிலும் இல்லை. என்ன செய்வது?

புள்ளிவிவரம்

14 வாரத்துக்குள் எடுத்த முதல் எடையைப் பயன்படுத்துங்கள். அதற்குள் ஏறுவது கொஞ்சம்தான். அதற்குப் பின் வந்தவர்களை விடுபட்ட தரவாகக் கொள்ளுங்கள். 28-ஆம் வார எடையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடவேண்டாம். பிரீஎக்லாம்ப்சியாவில் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும். குழுவுக்குக் குழு பிழை மாறும்.

பதில்: சமுதாய_செவிலியர்

அளப்பவருக்கு எதிரில் இருப்பவர் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, பேசாமல் 5 நிமிடம் உட்காரட்டும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டு மற்ற இரண்டின் சராசரி. தடித்த கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) போட்டால் பிபி கூடக் காட்டும், அதனால் மூன்று அளவாவது வைத்திருங்கள். பிபி மாத்திரை எடுப்பவரின் 125-ஐ அப்படியே சேர்க்காதீர்கள்.

180/110 வந்தால் அன்றே யாரிடம் அனுப்புவீர்கள் என்பதை ஒப்புதல் படிவம் அச்சாகுமுன் முடிவு செய்யுங்கள். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் உள்ள பிரீஎக்லாம்ப்சியா தாய் வந்தால், 16 வாரத்துக்கு முன் ஆஸ்பிரின் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆஸ்பிரே என்ற மருந்துச் சோதனையில் (2017) இரவில் 150 மி.கி. கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3-இலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது.

மேலே யாரும் சொல்லாத ஒன்று. "தாயும் பிள்ளையும்" என்றுதான் அழைக்கிறீர்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்தவர்கள், பிறந்து சில நாளில் இழந்தவர்கள் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடுவார்கள். நோய் மிகக் கடுமையாக வந்தவர்களில் பலர் அவர்கள்தான். அவர்களைத் தாய்க்கான பகுதியில் கட்டாயம் சேருங்கள். கடிதம் அனுப்புமுன் ஒவ்வொரு ஷீட்டிலும் குழந்தை உயிரோடு வீடு திரும்பியதா என்ற பக்கத்தைப் பாருங்கள். பின்னர் இறந்ததா என்பதை இறப்புப் பதிவிலும் பாருங்கள். அந்தத் தாய்மாருக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். "உங்கள் பிள்ளையை அழைத்து வாருங்கள்" என்ற வரி அதில் இருக்கவே கூடாது.