சோங்கா, ஓரோமோ: எது எங்கே காலை வாரும்? (நான்கு பேர் பேசிக்கொண்டது)

ஏட்டுச்சுவடி:
சோங்கா, ஓரோமோ மொழிகள் இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் முதலில் கேட்பது "எது சுலபம்?" என்றுதான். பூட்டானின் சோங்கா ஏட்டில் படுத்தும், எத்தியோப்பியாவின் ஓரோமோ காதில் படுத்தும், அவ்வளவுதான். சோங்கா திபெத்திய எழுத்தில் எழுதப்படுவது. எட்டு என்பதற்குப் ப, ர, க, ய, த என ஐந்து எழுத்து அடுக்கி எழுதுவார்கள், வாயில் வருவதோ வெறும் "கே". முன்னால் நிற்கும் ப, தலைமேல் ஏறிய ர இரண்டுக்கும் ஒலியே இல்லை. அகராதியில் இந்தச் சொல்லைப் ப வரிசையில் தேடினால் கிடைக்காது. நடு எழுத்தான க-வின் கீழ் இருக்கும். அடுக்குக்குள் எது மைய எழுத்து என்று பிரிக்கப் பழகாதவரை அகராதி கையில் இருந்தும் பயனில்லை. ரோமன் எழுத்தில் எழுத மொழியியலாளர் ஜார்ஜ் வான் டிரீம் 1991-ல் வகுத்த முறை இருக்கிறது. உச்சரிப்பு படிக்க அது போதும், கடைப்பலகை படிக்க உதவாது.

வேர்ச்சொல்:
ஓரோமோவுக்கு 1991 நவம்பரில் அடிஸ் அபாபாவில் கூடித்தான் லத்தீன் எழுத்தை உறுதி செய்தார்கள். 'குபே' என்று பெயர். அதற்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் எத்தியோப்பியாவின் பழைய எழுத்தான கீஸையே பயன்படுத்தினார்கள். ஒனேசிமோஸ் நெசிப்பின் 1899 பைபிள் மொழிபெயர்ப்பும் அப்படித்தான். கீஸில் மெய் இரட்டிப்பதைக் காட்ட வழியில்லை, குறில் நெடிலும் சரியாகப் பிரியாது. ஓரோமோவுக்கு அது இரண்டும் உயிர்நாடி. 'லஃப' தரை, 'லாஃபா' மென்மையானது. 'பதா' கெட்டது, 'பத்தா' மேட்டுநிலம். குபேயில் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிப்பார்கள், அழுத்தத்துக்கு மெய்யை இரட்டிப்பார்கள். குறில் நெடில் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்தப் பகுதி கஷ்டமே இல்லை.

வேறு இடத்தில் மாட்டிக்கொள்வோம். சி, எக்ஸ், க்யூ மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளபடி ஒலிக்காது. தொண்டையை மூடி, காற்றை அடைத்து, வெடித்து விடும் ச், ட், க் அவை. ஓரோமியா மாநிலச் சட்டமன்றத்துக்கு 'ச்சஃபே' என்று பெயர். பலகையில் அதை சி, ஏ, இரண்டு எஃப், இரண்டு ஈ என்று பார்ப்பவர்கள் காபிக் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். காபிக்கு அங்கே 'புன'. இன்னொன்று, சொல்லின் கடைசிக் குறில் பல வட்டாரங்களில் மூச்சோடு கரைந்துவிடும். மனிதன் என்னும் 'நம' காதில் 'நம்' என்றுதான் விழும். எழுதும்போது அந்த அகரத்தை விடக்கூடாது.

அச்சுக்கூடம்:
கணினியில் வருகிற தொல்லையும் சொல்லிவிடுகிறேன். சோங்காவில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, அசைக்கு அசை ஒரு புள்ளி. வரியை அந்தப் புள்ளிக்குப் பின்தான் உடைக்க வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் வரி பக்கத்தைத் தாண்டி ஓடும். வாக்கிய முடிவில் நேர்கோடு வந்தால் அதற்கு முன் புள்ளி வேண்டாம். ங எழுத்துக்குப் பின் மட்டும் புள்ளியை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ங-வும் கோடும் சேர்ந்து க போலத் தெரியும். அடுக்கில் கீழே வரும் எழுத்துக்கு யூனிகோட்டில் தனிக் குறியீடு உண்டு. நம்மைப் போலப் புள்ளி வைத்துச் சேர்க்கும் முறை இல்லை. வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் அடுக்கின் அடி வெட்டுப்படும். ஜொமொல்ஹாரி எழுத்துரு நம்பகமானது, இலவசம்.

ஓரோமோவில் ஒரே தலைவலி 'ஹுதா' என்னும் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி). தொண்டையை ஒரு கணம் அடைத்துவிடும் ஒலிக்கான எழுத்து அது. ஆறு என்பதற்கான 'ஜஅ'வில் நடுவே வரும். சொற்செயலி அதை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். பிறகு தேடினால் சொல் சிக்காது, பிழைதிருத்தியும் சொல்லை இரண்டாக வெட்டும். தானியங்கித் திருத்தத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

பனங்காடு:
வாக்கிய அமைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டிலும் வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். நமக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டிலும் பெயரடை பெயருக்குப் பின்னால் போகும்: ஓரோமோவில் 'மன குத்தா', சோங்காவில் 'சிம் போம்', இரண்டும் பெரிய வீடு. எண்ணும் பின்னால்தான். உடைமையில் பிரிந்துவிடுவார்கள். என் வீடு என்பது ஓரோமோவில் 'மன கோ', வீடு முந்தும். சோங்காவில் நம்மைப் போல உடையவர் முந்துவார்.

ஓரோமோவில் எழுவாய்க்குத்தான் உருபு: 'நம' எழுவாயானால் 'நம்னி'. நாம் செயப்படுபொருளுக்கு ஐ போட்டுப் பழகியவர்கள், அங்கே தலைகீழாகச் செய்வோம். வினையில் ஆண் 'துஃபெ', பெண் 'துஃப்தெ' (வந்தான், வந்தாள்). ஒருவரிடம் மரியாதை காட்டப் பன்மை போதும், நம் நீங்கள் போல. சோங்காவில் அது போதாது, சொல்லே மாறும்: தண்ணீர் 'சு', பெரியவருக்கு 'சப்'.

சோங்காவில் உண்மையான கண்டம் 'இருக்கிறது'தான். பையில் பணம் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் 'யோ'. இப்போதுதான் கண்ணில் பட்டது என்றால் 'து' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். 'இன்னார் ஆவார், இன்னது ஆகும்' என்று சொல்லவும் அதேபோல் 'இங்', 'இம்மே'. தன்னைப் பற்றி 'நான் இன்னார் இம்மே' என்றால், இப்போதுதான் தெரிந்துகொண்டீர்களா என்று கேட்பவர் விழிப்பார். பாடப்புத்தகத்தில் இதை இறந்தகாலம், நிகழ்காலம் என்று குழப்பாதீர்கள், காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏட்டுச்சுவடி:
எண்ணையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோங்காவில் பத்தடிமானமும் (பத்துப் பத்தாக எண்ணுவது) இருபதடிமானமும் (இருபது இருபதாக எண்ணுவது) இரண்டும் புழங்கும். இருபதடிமானத்தில் 30 என்பது "அரை குறைய இரண்டு இருபது", 50 என்பது "அரை குறைய மூன்று இருபது". 'ஞிஷு' பத்தடிமானத்தில் 20, மற்றதில் 400. விலை பேசும்போது எந்தக் கணக்கு என்று தாளைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. தமிழில் குறித்துக்கொண்டால் எட்டும் 'கே', இருபதும் 'கே'; முன்னதில் தொண்டை அதிரும், பின்னதில் மூச்சு வெளியே வரும். ஓரோமோ எண்ணில் சிக்கல் இல்லை, 'குதன்' 10, 'திக்தம' 20, 'திப்ப' 100. கடிகாரம்தான் வேறு. காலை ஆறில் எண்ணத் தொடங்குவதால் 'சஆதி லம', அதாவது இரண்டு மணி, நமக்குக் காலை எட்டு. பேருந்துச் சீட்டில் எந்தக் கடிகாரம் என்று கேட்காமல் போனால் ஆறு மணி நேரம் தள்ளிப் போவீர்கள்.