புதுப்பிப்பு: எங்கள் ஃபெரட் இறைச்சி தின்ன ஆரம்பித்துவிட்டது

எங்கள் ஃபெரட் (கீரி போல நீண்ட உடல்கொண்ட சிறு வளர்ப்புப் பிராணி) கடையில் பழக்கிய உலர் தீனியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, கோழி இறைச்சிக்கு எப்படி மாற்றுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது தின்கிறது.

"பசித்தால் தானாகத் தின்னும்" என்று சிலர் சொன்னீர்கள். அப்படிப் பட்டினி போட நான் துணியவில்லை. ஃபெரட்டின் குடல் மிகக் குட்டை. தின்றது 3, 4 மணி நேரத்தில் வெளியேறிவிடும். பட்டினி தாங்காது. குட்டியில் பழகிய வாசனையைத்தான் அது உணவென்று ஏற்கும் என்பதால், பழைய தீனியைப் பொடித்து அரைத்த கோழியின் மேல் தூவினேன். முதலில் பொடியை மட்டும் நக்கிவிட்டுப் போனது, கள்ளப்பயல்! பொடியை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். வெறும் சதையில் கால்சியம் போதாது. ஈரல், இதயத்தோடு எலும்பும் சேர்த்தே அரைக்கிறேன்.

பழம் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இது முழு ஊனுண்ணி. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சரியாகச் செரிக்காது. திராட்சை கூடவே கூடாது. ஆசைக்குக் கொஞ்சம் முட்டை மஞ்சள்கரு கொடுங்கள். அவசரத்துக்கு இறைச்சி அதிகமுள்ள பூனைக்குட்டித் தீனி பரவாயில்லை, நாய்த் தீனி ஆகாது.

புதுத் தலைவலி ஒன்று உண்டு. இறைச்சித் துண்டுகளைச் சோபாவுக்கு அடியில் பதுக்குகிறது. நாறுவதற்குள் தேடி எடுப்பது இப்போது என் வேலை.